கண்ணுக்குத் தெரியாத மரபணுவுக்கு என்ன விலை? பொலிகிடா சந்தைக்கு புனே வட்டாரம் சொல்லும் பாடம்

புனே: மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தின் ஆட்பாடி சந்தையில், 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு செம்மறிக் கிடாவுக்கு 70 லட்சம் ரூபாய் வரை விலை கேட்கப்பட்டதாக வெளியான செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. உரிமையாளர் அந்த விலைக்குத் தர மறுத்து, ஒன்றரைக் கோடி ரூபாய் எதிர்பார்த்ததாகவும் அப்போது தகவல்கள் வெளியாயின. அந்தக் கிடா, அதே மாவட்டத்தின் ஜத் வட்டாரத்தைத் தாயகமாகக் கொண்ட மட்க்யாள் இனத்தைச் சேர்ந்தது. உயர்ந்த உடலும், கிளி மூக்கைப் போல வளைந்து இறங்கும் முகமும் அந்த இனத்தின் அடையாளங்கள். கிடா வாங்க வருவோர் முதலில் பார்ப்பது அந்த மூக்கைத்தான்.

அதே மேற்கு மகாராஷ்டிரத்தில், புனேயிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில், சாத்தாரா மாவட்டத்தின் பல்டண் நகரில் வேறு வகைப் பொலிகிடாக்கள் உருவாக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பார்ப்பவருக்குத் தனிச்சிறப்பு எதுவும் தெரியாது. ஆனால், அவற்றின் இரத்தத்தில் உள்ள ஒரு மரபணு, அவற்றுக்குப் பிறக்கும் பெட்டைகள் இரட்டைக் குட்டி ஈனும் வாய்ப்பைப் பல மடங்கு உயர்த்துகிறது.

கண்ணுக்குத் தெரியும் அழகுக்கு லட்சங்கள் கேட்கப்படும் சந்தையில், கண்ணுக்குத் தெரியாத மரபணுவுக்கு விலை நிர்ணயிப்பது எப்படி? கால்நடை வளர்ப்போரின் வருமானத்தையும், அரசின் இனமேம்பாட்டுக் கொள்கையையும் ஒருசேரத் தொடும் கேள்வி இது.

ஒற்றை எழுத்து மாற்றம்

தக்காணப் பீடபூமியின் வறண்ட நிலங்களுக்குப் பழகியது தக்காணிச் செம்மறி இனம். மகாராஷ்டிரத்தின் தங்கர் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வரும் இந்த ஆடு, பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி மட்டுமே ஈனும். இரட்டைக் குட்டி என்பது அரிது. கம்பளிக்கு மதிப்புக் குறைந்து, கறிக்கு மதிப்பு கூடிய காலத்தில் இது நேரடி வருமானக் குறைவாக மாறியது. ஆட்டுக்காரர் விற்பது குட்டியைத்தான். ஆண்டு முழுவதும் ஓர் ஆட்டை மேய்த்து, ஒரே ஒரு குட்டியை விற்றுத்தான் அந்தச் செலவை மீட்க வேண்டும்.

இதற்குத் தீர்வு தேடியது, பி.வி.நிம்ப்கர் 1968-இல் பல்டணில் தொடங்கிய நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். அதன் கால்நடைப் பிரிவை வழிநடத்திய சந்தா நிம்ப்கரும் அவரது குழுவினரும், மேற்கு வங்கத்தின் சுந்தரவனச் சதுப்பு நிலங்களில் வாழும் கரோல் என்ற சிறிய செம்மறி இனத்தை நாடினர். கரோல் ஆட்டின் உடல் எடை தக்காணி ஆட்டின் எடையில் ஏறக்குறையப் பாதிதான். ஆயினும் அது இரண்டு, மூன்று குட்டிகள் ஈனும்.

அந்தத் திறனுக்குக் காரணம் 'பெக்-பி' எனப்படும் மரபணு வடிவம். செம்மறியின் ஆறாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் ஒற்றை எழுத்து மாறியிருப்பதால், அது உருவாக்கும் புரதத்தில் 249-ஆம் இடத்தில் குளூட்டமைனுக்குப் பதில் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் அமைகிறது. இதன் விளைவாக, ஒரு சினைப்பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கருமுட்டைகள் முதிர்ந்து வெளிவருகின்றன. இந்த மாற்றத்தை 2001-ஆம் ஆண்டில் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்து வெளியிட்டன.

பெக்-பி மரபணு சந்தைக்குரிய பண்பாக மாறியதில் அந்த ஆண்டு ஒரு திருப்புமுனை. அதற்கு முன், ஒரு கிடாவிடம் இந்த மரபணு உள்ளதா என்பதை அறிய, அதன் மகள்கள் வளர்ந்து குட்டி ஈனும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குப் பின், சிறிதளவு இரத்தமும் ஓர் ஆய்வகமும் போதும் என்றானது. அந்த ஆய்வகப் பணியில் பல்டண் நிறுவனத்துக்குத் துணை நின்றது புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகம்.

கல்கத்தாவிலிருந்து சிட்னிக்கு

இந்த மரபணுவின் பயணம் வியப்புக்குரியது. 1792, 1793-ஆம் ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து வங்காளச் செம்மறிகள் கப்பலில் சிட்னிக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், ஆஸ்திரேலியாவின் கூமா நகருக்கு அருகில் உள்ள பூரூலா என்ற பண்ணையின் மெரினோ ஆடுகள் வழக்கத்துக்கு மாறாகப் பல குட்டிகள் ஈன்றதை அந்நாட்டு அறிவியலாளர்கள் கவனித்தனர். 1980-களின் தொடக்கத்தில், அது ஒரே ஒரு பெரு மரபணுவின் விளைவு என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். அதன் மூலம் வங்காளச் செம்மறியாக இருக்கலாம் என்று செம்மறி மரபியலாளர் ஹெலன் நியூட்டன் டர்னர் கருதினார். மரபணு கண்டறியப்பட்ட பின், கரோல் ஆடுகளில் அதே மாற்றம் இருப்பது உறுதியானது.

பின்னர், ஆஸ்திரேலியாவின் சர்வதேச வேளாண் ஆராய்ச்சி மையம் அளித்த நிதியுடனும், அந்நாட்டின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடனும் பல்டண் பணி நடைபெற்றது. கரோல் கிடாக்களைத் தக்காணி ஆடுகளுடன் சேர்த்து, பிறந்த கலப்பினத்தை மீண்டும் மீண்டும் தக்காணியுடனும் கர்நாடகத்தின் பன்னூர் இனத்துடனும் இணைத்து, கரோலின் சிற்றுடல் மறைந்து அதன் மரபணு மட்டும் நிலைக்கும்படி செய்தனர். அவ்வாறு உருவான ஆட்டு வகையே 'நாரி சுவர்ணா'. டர்னரின் நினைவாக 2008-ஆம் ஆண்டு நவம்பர் 10 முதல் 12 வரை இந்த மரபணு குறித்த சர்வதேசப் பயிலரங்கம் புனேயில் நடத்தப்பட்டது குறிப்பிடத்தக்கது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

இனி விலைக்கு வருவோம். ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒவ்வொரு மரபணுவிலும் இரு பிரதிகள் உண்டு. ஒன்று தந்தை வழி, மற்றொன்று தாய் வழி. இரு பிரதிகளும் பெக்-பி ஆக உள்ள கிடா, தன் குட்டிகள் அனைத்துக்கும் அதை வழங்கும். ஒரு பிரதி மட்டும் உள்ள கிடா, சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்கு மட்டுமே வழங்கும்.

பெட்டை ஆட்டின் கணக்கு வேறு. தக்காணி வகையில் ஒரு பிரதி பெற்ற பெட்டை, ஓர் ஈற்றுக்குச் சராசரியாக அரைக் குட்டி கூடுதலாக ஈனுகிறது. அதாவது, பத்து ஆடுகள் பத்துக்குப் பதில் ஏறக்குறையப் பதினைந்து குட்டிகள் ஈனும். இரண்டாவது பிரதி சேர்வதால் குட்டிகளின் எண்ணிக்கை பெரிதாக உயர்வதில்லை. எனவே இரு பிரதிகள் இருப்பது பெட்டையின் விலையைப் பெரிதாக உயர்த்தக் காரணமில்லை. பொலிகிடாவின் விலையையோ அது இரட்டிப்பாக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். இதில் உள்ள தொகைகள் விளக்கத்துக்கான அனுமானங்களே. இரு பிரதிகள் கொண்ட கிடாவை ஒருவர் முப்பது பெட்டைகளுடன் சேர்க்கிறார். பிறக்கும் குட்டிகளில் பாதி பெட்டை. அவற்றில் பத்து வளர்ந்து தாய் ஆடுகளாகின்றன. கூடுதலாகப் பிறக்கும் குட்டிகளில் சில இறந்துபோகும் என்பதால், ஒரு தாய்க்கு ஓர் ஈற்றில் மூன்றில் ஒரு பங்குக் குட்டி மட்டுமே கூடுதலாக விற்பனைக்கு வரும் எனக் கொள்வோம். பத்துத் தாய்கள் நான்கு ஈற்றுகளில் தரும் கூடுதல் குட்டிகள் சுமார் 13. ஒரு குட்டியின் விலை 5,000 ரூபாய், அதற்கான கூடுதல் தீவனச் செலவு 2,000 ரூபாய் எனில், நிகர ஆதாயம் சுமார் 40,000 ரூபாய். ஒரு பிரதி மட்டும் உள்ள கிடா என்றால் 20,000 ரூபாய். மரபணு இல்லாத கிடா என்றால் ஒன்றுமில்லை.

மூன்று கிடாக்களும் சந்தையில் ஒன்றுபோலவே நிற்கும். பல்லைப் பிடித்துப் பார்த்தாலோ, முதுகைத் தடவிப் பார்த்தாலோ, எடை போட்டாலோ வேறுபாடு தெரியாது. பரிசோதனைச் சான்று இல்லாத நிலையில், நல்ல கிடாவுக்கும் சாதாரணக் கிடாவின் விலையையே தர வாங்குபவர் முன்வருவார். உண்மையான கிடாவை வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றிச் சந்தையிலிருந்து விலகுவார். ஆகவே, இங்கு விலையைத் தீர்மானிப்பதில் மரபணுவுக்கு உள்ள பங்கு, அதை உறுதிசெய்யும் சான்றுக்கும் உண்டு.

இடையர் ஏன் தயங்குகிறார்?

மேற்கண்ட கணக்கு காகிதத்தில் எளிதாக முடிந்துவிடும், களத்தில் அவ்வாறில்லை. கிடா வாங்கும் பணம் இன்று கைவிட்டுப் போகிறது. அதன் மகள்கள் வளர்ந்து முதல் ஈற்று காண ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் ஒரு வறட்சியோ, நோயோ மந்தையைப் பாதித்தால் முதலீடு வீணாகும்.

மேலும், தங்கர் சமூகத்தில் பலர் இடம்பெயர்ந்து மேய்ப்பவர்கள். மழைக்காலம் முடிந்ததும் மந்தைகளுடன் கொங்கணக் கடற்கரை நோக்கி நடந்து, வழியில் வயல்களில் கிடை போட்டு, அடுத்த மழைக்கு முன் பீடபூமிக்குத் திரும்புகின்றனர். நடைப்பயணத்தில் பிறக்கும் இரட்டைக் குட்டிகள் எடை குறைந்தவை. அவற்றைத் தூக்கிச் செல்ல வேண்டும். தாயின் பால் இரண்டுக்கும் போதாவிட்டால் புட்டிப்பால் தர வேண்டும். தாய்க்குக் கூடுதல் தீவனம் தேவை. கவனிப்பு இல்லாத மந்தையில் இரண்டாவது குட்டி இறந்துபோனால், மரபணுவின் மதிப்பும் அதோடு போய்விடும்.

ஆக, ஒரே மரபணுவுக்கு இரு மந்தைகளில் இரு விலை. தீவனமும் கொட்டகையும் உள்ள பண்ணையாளருக்கு அது வருமானம். வறட்சியில் நடக்கும் மேய்ப்பருக்கு அது சுமையாகவும் மாறலாம். மெரினோ ஆட்டைவிடத் தக்காணி வகையில் இந்த மரபணுவின் விளைவு மிதமாக இருப்பது இங்கு நன்மையே. மூன்று, நான்கு குட்டிகள் பிறந்து எதுவும் பிழைக்காத நிலை பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது.

பால் மாட்டில் பாலினமே விலை

செம்மறியின் இந்த மரபணு ஒரு விதிவிலக்கு. ஒற்றை மாற்றம், தெளிவான விளைவு. பால் உற்பத்தி அப்படிப்பட்டதன்று. ஆயிரக்கணக்கான மரபணுக்களின் சிறுசிறு பங்களிப்பும், தீவனமும், பராமரிப்பும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. எனவே ஒரு பொலிகாளையின் தரத்தை அறிய, அதன் மகள்களின் கறவையை ஆண்டுக்கணக்கில் அளப்பதே வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டு முதல் மரபணுத் தொகுதியைப் படித்தே இளங்காளைகளை மதிப்பிடும் முறை அதிகாரப்பூர்வமாக நடைமுறைக்கு வந்தது.

மகாராஷ்டிரத்தின் வாசிம் நகரில் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 5 அன்று நடைபெற்ற நிகழ்ச்சியில், பசுக்களுக்கான 'கௌ சிப்', எருமைகளுக்கான 'மகிஷ் சிப்' ஆகிய மரபணு மதிப்பீட்டுக் கருவிகளைப் பிரதமர் நரேந்திர மோடி அறிமுகப்படுத்தினார். பெண் கன்று பிறக்கும் வாய்ப்பை உயர்த்தும், பாலினம் பிரிக்கப்பட்ட விந்தணுவுக்கான உள்நாட்டுத் தொழில்நுட்பமும் அன்று தொடங்கிவைக்கப்பட்டது. இதனால் ஒரு குப்பி உறைவிந்தின் விலை சுமார் 200 ரூபாய் குறையும் என அரசு தெரிவித்தது.

இந்த வகை சினை ஊசியில் பத்தில் ஒன்பது கன்றுகள் பெண்ணாகப் பிறக்கின்றன. மணிபாய் தேசாய் 1967-இல் புனே அருகே உருளிகாஞ்சனில் நிறுவிய பைஃப் அமைப்பு, வீடு தேடிச் சென்று சினை ஊசி போடும் சேவையைப் பல மாநிலங்களில் பரப்பியது. அந்தச் சேவையால் பொலிகாளையின் விலை குப்பி வடிவில் சிறு விவசாயிக்கும் எட்டியது.

பாலினத்துக்கு இவ்வளவு மதிப்பு கூடியதில் பொருளாதாரமும் சட்டமும் பங்கு பெறுகின்றன. டிராக்டர் வந்தபின் உழவுக்குக் காளைகளின் தேவை குறைந்தது. மகாராஷ்டிரத்தில் 2015-ஆம் ஆண்டு சட்டத்திருத்தம் காளை, எருது ஆகியவற்றை வெட்டுவதையும் தடை செய்தது. பிறக்கும் காளைக் கன்றை விற்க வழி குறுகியபோது, அதைத் தவிர்க்கும் குப்பிக்கு விவசாயி தரத் தயாராக உள்ள விலை உயர்ந்தது.

விலையைக் குறைக்கும் மரபணுக்கள்

மரபணு விலையைக் கூட்டும் என்பது பாதி உண்மை; குறைக்கவும் செய்யும். 1962-இல் அமெரிக்காவில் பிறந்த 'சீஃப்' என்று அழைக்கப்பட்ட ஹோல்ஸ்டைன் பொலிகாளை இதற்குச் சான்று. அதன் வழித்தோன்றல்கள் உலகெங்கும் பரவி, பால் உற்பத்தியில் பல நூறு கோடி டாலர் மதிப்பைச் சேர்த்தன. ஆனால், அது ஒரு கொடிய மரபணுப் பிழையையும் சுமந்தது. இரு பெற்றோரிடமிருந்தும் அந்தப் பிழையைப் பெறும் கரு, பிறக்கும் முன்பே அழிந்துவிடும். இதனால் உலக அளவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருச்சிதைவுகள் ஏற்பட்டதாக 2016-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பிழை எங்கே உள்ளது என்று தெரிந்தபின், அதைச் சுமக்கும் காளைகளை விலக்குவது எளிதாயிற்று. இந்திய உறைவிந்து நிலையங்களிலும், குறிப்பிட்ட பிறவி நோய் மரபணுக்கள் உள்ளனவா எனப் பொலிகாளைகளைச் சோதித்த பின்னரே விந்து சேகரிக்க வேண்டும் என்ற விதி உள்ளது.

உறுதிப்படாத மரபணுப் பெருமையும் சந்தையைக் குழப்பக்கூடும். 'ஏ-2' பால் என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்பது குறித்து, அந்த அடையாளத்தை நீக்குமாறு 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உத்தரவிட்ட இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. பாலின் புரத வகையைப் பரிசோதனையால் அறியலாம். அதனால் நுகர்வோருக்குக் கிடைக்கும் நன்மை எவ்வளவு என்பதில்தான் சர்ச்சை தொடர்கிறது.

ஓங்கோல் முதல் ஸ்காட்லாந்து வரை

பிரேசிலின் வியாட்டினா-19 என்ற நெல்லூர் வகைப் பசுவின் மூன்றில் ஒரு பங்கு உரிமை 2023-ஆம் ஆண்டில் 14 லட்சம் டாலருக்கு மேல் விற்பனையானது. அதன்படி முழுப் பசுவின் மதிப்பு 43 லட்சம் டாலர் எனக் கணக்கிடப்பட்டு, உலகின் மிக விலை உயர்ந்த பசு என்ற கின்னஸ் பதிவையும் பெற்றது. அந்தப் பசுவின் மூதாதையர் ஆந்திரத்தின் ஓங்கோல், நெல்லூர் வட்டாரத்திலிருந்து கப்பலேறியவை. ஸ்காட்லாந்தின் லானார்க்கில் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில், தசைப்பிடிப்புக்குப் பெயர்பெற்ற டெக்செல் இனக் கிடா ஒன்று 3,67,500 பவுண்டுக்கு விற்றது. அன்றைய மதிப்பில் அது மூன்றரைக் கோடி ரூபாய்க்கும் மேல்.

இத்தகைய விலைகளில் செல்வந்தர்களின் போட்டிக்கும் விளம்பரத்துக்கும் பங்கு உண்டு. எனினும் அவற்றின் அடித்தளம் பதிவேடுதான். தாய், தந்தை, பாட்டன், அவற்றின் எடை, ஈற்று என அனைத்தும் எழுதி வைக்கப்பட்டுள்ளன. ஒரு பசுவின் கருமுட்டைகளிலிருந்து பல வாடகைத் தாய்களில் கன்றுகளை உருவாக்கும் தொழில்நுட்பமும் அங்கு பரவலாக உள்ளது. நம் நாட்டில் மூல இனம் உள்ளது. ஆனால் இரண்டு, மூன்று மாடுகள் வைத்திருப்போரே மிகுதி என்பதால் பதிவேடு அரிது. பதிவேடு இல்லாமல் எந்த 'சிப்'பும் துல்லியமாக மதிப்பிட இயலாது.

செலவு யாருடையது?

மரபணு ஒரு விசித்திரமான சரக்கு. ஒரு கிடாவை விற்றால், வாங்கியவர் அதிலிருந்து தாமே பல கிடாக்களை உருவாக்கி விற்கலாம். விற்ற நிறுவனத்துக்கு அவரே போட்டியாளர் ஆகிறார். ஆண்டுக்கணக்கான ஆய்வுச் செலவை ஒரு கிடாவின் விலையில் மீட்க முடியாது. எனவேதான் பல்டண் பணிக்குப் பொது நிதியும் வெளிநாட்டு உதவியும் தேவைப்பட்டன. தனியார் சந்தை மட்டும் இருந்திருந்தால், இரட்டைக் குட்டி மரபணு சுந்தரவனத்திலேயே இருந்திருக்கும்.

அந்தச் சுந்தரவனத்தின் பங்கு என்ன என்ற கேள்வியும் எழுகிறது. மரபணுவைப் பல நூற்றாண்டுகள் காத்தவர்கள் அங்குள்ள எளிய ஆட்டுக்காரர்கள். உயிரி வளங்களால் கிடைக்கும் பயனில் அவற்றைக் காத்தவர்களுக்கும் பங்கு வேண்டும் என்ற கொள்கையை 2002-ஆம் ஆண்டின் உயிரிப் பல்லுயிர்ச் சட்டம் ஏற்றுள்ளது. 1792-இல் கப்பலேறிய ஆடுகளுக்கு அது பொருந்தாது. ஆனால், இன்றைய கரோல் மந்தைகளைப் பேணுவோருக்கு ஆதரவு அளிக்க அது ஒரு நியாயத்தைத் தருகிறது.

இதற்கிடையே, காஷ்மீரின் ஷேர்-இ-காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகம், தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவைத் திருத்திய செம்மறிக் குட்டியை உருவாக்கியதாக 2025-ஆம் ஆண்டு மே மாதம் அறிவித்தது. இத்தகைய ஆடுகள் விற்பனைக்கு வரும்போது, சான்று, உரிமை, விலை ஆகிய கேள்விகள் இன்னும் கூர்மையாகும்.

தமிழ்நாட்டுக்கு என்ன பாடம்?

2019-ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறிகள் உள்ளன. மகாராஷ்டிரத்தின் 27 லட்சத்தைவிட இது அதிகம். மேச்சேரி, சென்னைச் சிவப்பு, கீழக்கரிசல், வேம்பூர், இராமநாதபுரம் வெள்ளை போன்ற இனங்கள் பெரும்பாலும் ஒற்றைக் குட்டி ஈனுபவை. சந்தைகளில் பல், எடை, நிறம் ஆகியவற்றைப் பார்த்தே விலை பேசப்படுகிறது. மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பது இன்றும் வழக்கம். சுழி சரியில்லை என்றால் நல்ல காளையும் விலை குறையும்.

கண்ணின் அனுபவத்தை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. கால், குளம்பு, விதைப்பை, சுறுசுறுப்பு ஆகியவற்றைத் தேர்ந்த கண்ணே சிறப்பாக மதிப்பிடும். ஆனால், சுழி பால் தராது. வளைந்த மூக்கு குட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டாது. தோற்றத்துக்குத் தரும் விலை, அதே தோற்றத்தை விரும்பும் அடுத்த வாங்குபவர் இருக்கும்வரை மட்டுமே நிலைக்கும். குட்டியையும் பாலையும் கூட்டும் பண்புக்குத் தரும் விலையோ மந்தையிலேயே திரும்பக் கிடைக்கும்.

பொலிகிடா வாங்குவோர் கேட்க வேண்டியவை மூன்று. அதன் தாய் எத்தனை முறை, எத்தனை குட்டிகள் ஈன்றது என்ற பதிவு உண்டா? மரபணு உள்ளதாகக் கூறப்பட்டால், ஒரு பிரதியா, இரு பிரதிகளா என்ற ஆய்வகச் சான்று உண்டா? கூடுதலாகப் பிறக்கும் குட்டிகளைக் காக்கத் தீவனமும் ஆளும் தம்மிடம் உண்டா? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லை என்றால், முதல் இரண்டுக்கும் தரும் பணம் வீணாகும்.

அரசுகளுக்கும் இதில் கடமை உண்டு. குறைந்த கட்டணத்தில் மரபணுப் பரிசோதனை, சந்தையிலேயே சரிபார்க்கக்கூடிய சான்று, கிராம அளவில் ஈற்றுப் பதிவேடு ஆகியவை அமைந்தால், பல்டண் கிடாவின் மதிப்பை ஆட்பாடி சந்தையும் அறியும். அதுவரை, ஆட்டுக்காரரின் வருமானத்தை உயர்த்தக்கூடிய கிடா, சந்தையில் சாதாரண விலைக்கே நின்றுகொண்டிருக்கும்.